விளையாட்டும் விசுவாசமும்: கிறிஸ்தவ மழலையர் பள்ளியில் குழந்தை எப்படிக் கற்கிறது

கிறிஸ்தவ மழலையர் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரிடமிருந்து பொதுவாக இரண்டு கேள்விகள் வருகின்றன. எழுத்தும் எண்ணும் எப்போது தொடங்கும் என்பது ஒன்று. ஜெபமும் வசனமும் எப்போது சொல்லித்தருவீர்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்வி எல்லா மழலையர் பள்ளிகளுக்கும் பொதுவானது, இரண்டாவது இவ்வகைப் பள்ளிகளுக்கே உரியது. ஆனால் இரண்டும் ஒரே அனுமானத்திலிருந்துதான் பிறக்கின்றன. பெரியவர் சொல்ல, குழந்தை திருப்பிச் சொல்லும் நேரத்தில்தான் கற்றல் நடக்கிறது, விளையாட்டு என்பது அந்த நேரங்களுக்கு நடுவே விடப்படும் ஓய்வு என்பதே அந்த அனுமானம். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை, எழுத்தறிவு விஷயத்தில் இது தவறு என்பதைப் பல கிறிஸ்தவப் பள்ளிகள் இன்று ஏற்றுக்கொண்டுவிட்டன. சமயக் கல்வியிலும் இது தவறுதான் என்பதை ஏற்கத்தான் தயங்குகின்றன. கட்டைகள் அடுக்கியிருக்கும் மூலையில் குழந்தையின் போக்கை நம்பி விட்டுவிடும் ஆசிரியை, வேதாகமக் கதை சொல்லும் பாயில் அதே குழந்தையை நம்புவதில்லை. அங்கே கைகட்டி உட்காரவும், கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லவும் வேண்டியிருக்கிறது.

இந்தத் தயக்கம் நேற்று முளைத்ததல்ல. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்து, பின்னாளில் பேராயரும் இறையியலாளருமான அகுஸ்தீன், சிறுவயதில் பந்து விளையாடியதற்காகப் பள்ளியில் அடிபட்டதை நினைவுகூரும்போது, பெரியவர்கள் தங்கள் வீண்பொழுதுக்கு மட்டும் அலுவல் என்று பெயரிட்டுக்கொண்டு பிள்ளைகளின் விளையாட்டைத் தண்டிக்கிறார்கள் என்று கசப்புடன் எழுதுகிறார். எழுதிவிட்டு, தமது விளையாட்டு ஆசையையும் பாவக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்கிறார். அதே அகுஸ்தீன் 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் மனமுடைந்து அழுதுகொண்டிருந்தபோது, அருகிலிருந்த வீட்டிலிருந்து ‘எடுத்து வாசி’ என்று திரும்பத் திரும்பப் பாடும் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. பிள்ளைகள் விளையாடும்போது இப்படிப் பாடுவதுண்டா என்றுதான் அவர் முதலில் யோசித்தார். அப்படியொரு பாட்டைக் கேட்டதாக நினைவு இல்லாததால், அதைக் கடவுளின் கட்டளையாக எடுத்துக்கொண்டு வேதத்தைத் திறந்தார். விளையாட்டாக இருந்தால் அது கடவுளின் குரலாக இருக்க முடியாது என்ற அந்தப் பிரிவினை, அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

சீர்திருத்தச் சபைகளின் வரலாற்றிலும் இதன் தடம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஹாலே நகரில் பெரும் கல்வி நிலையங்களை உருவாக்கிய ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, விளையாட்டின் இடத்தில் பயனுள்ள கைவேலைகளையும் உலாவுதலையும் வைத்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1748-இல் இங்கிலாந்தின் கிங்ஸ்வுட்டில் திறந்த பள்ளியில் எந்த நாளிலும் விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. சிறுவனாக விளையாடுகிறவன் மனிதனான பிறகும் விளையாடிக்கொண்டுதான் இருப்பான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இவர்கள் பிள்ளைகளை வெறுத்தவர்கள் அல்லர். ஏழைப் பிள்ளைகளுக்காகவும் அநாதைகளுக்காகவும் வேறு யாரும் உழைக்காத அளவுக்கு உழைத்தவர்கள். நேரம் கடவுளுடையது, அதில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்ற எண்ணமே அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுசென்றது.

ஆனால் விளையாட்டுவழிக் கல்வியைத் தொடங்கியவர்கள் யார் என்று தேடிப் போனாலும் அதே சபைகளின் வாசலுக்குத்தான் வந்து சேர்கிறோம். 1524-இல் ஜெர்மன் நகரசபைகளுக்கு எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூத்தர், குதிப்பதும் ஓடுவதும் பிள்ளைகளின் இயல்பு, அதைத் தடுப்பது நல்லதல்ல, ஆகவே மகிழ்ச்சியோடும் விளையாட்டோடும் கற்கும்படி பள்ளிகளை அமைக்கலாமே என்று கேட்டார். போஹேமிய சகோதரர் சபையின் பேராயரான கொமேனியஸ், முதல் ஆறு வயதுக் கல்வியைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். அது 1633-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. பெரியவர்கள் செய்வதையெல்லாம் குழந்தை செய்துபார்க்க விரும்புகிறது, ஆபத்தான கருவியைக் கையில் கொடுக்க முடியாதபோது அதன் பொம்மை வடிவத்தையாவது கொடுங்கள் என்று அவர் தாய்மாருக்குச் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிரான்ஸின் வோஜ் மலைப்பகுதியில், ஓபர்லின் என்ற லூத்தரன் போதகரின் சபையில், சாரா பான்செட் என்ற இளம்பெண் சிற்றூர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பின்னல் வேலையும் பாட்டும் கதையுமாகப் பொழுதை நடத்தினார். ஓபர்லின் அதைப் பார்த்துப் பள்ளியாக வளர்த்தார். ஐரோப்பாவின் முதல் மழலையர் பள்ளிகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. தொடங்கியவர் 1774-இல், முப்பது வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். போதகரின் பெயர் நிலைத்த அளவுக்கு அவர் பெயர் நிலைக்கவில்லை.

பிறகு ஃப்ரோபெல். லூத்தரன் போதகரின் மகனான அவர் 1837-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் சிறு பிள்ளைகளின் விளையாட்டுக்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். குழந்தை விளையாடும்போது தன்னுள் இருப்பதை வெளியே வைத்துப் பார்க்கிறது, படைத்தவரின் சாயலில் உண்டான உயிர் படைக்காமல் இருக்க முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் மரக் கனசதுரம் ஒன்றை அவர் குழந்தைகளின் கையில் கொடுத்தது கணிதத்துக்காக மட்டுமல்ல. முழுமையும் பகுதியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை விரல்கள் உணர வேண்டும் என்பதற்காகவும்தான். பிரஷ்ய அரசு 1851-இல் கிண்டர்கார்டன்களை நாத்திகமும் சோஷலிசமும் பரப்புபவை என்று சொல்லித் தடைசெய்தது, அவருடைய அண்ணன் மகனின் கருத்துகளை அவருடையவை என்று குழப்பிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். தடை 1860-இல் நீங்கியபோது அவர் உயிருடன் இல்லை.

இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி உண்டு. ஃப்ரோபெலுக்குப் பின்வந்த சீடர்களில் பலர், அவர் கொடுத்த கட்டைகளை இன்ன வரிசையில் இன்ன வடிவமாக அடுக்க வேண்டும் என்று விதித்து, வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே வடிவத்தைச் செய்யும் பயிற்சியாக்கிவிட்டார்கள். கட்டை இருந்தது, விளையாட்டு போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கரோலின் பிராட் உருவாக்கிய மரக்கட்டைகள் இதற்கு எதிர்வினையாகவே வந்தன. தடிமனும் அகலமும் நீளமும் 1:2:4 என்ற விகிதத்தில் இருப்பது தவிர, அவற்றில் வேறு எந்தக் கட்டளையும் இல்லை.

அந்த விகிதம் செய்யும் வேலையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. நான்கு வயதுக் குழந்தை பாலம் கட்டுகிறது; ஒரு பக்கத்துத் தூணுக்கு முழுக்கட்டை கிடைத்தது, மறுபக்கத்துக்குக் கிடைக்கவில்லை. இரண்டு அரைக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பார்க்கிறது. மட்டம் சரியாக வருகிறது. பின்னம் என்ற சொல்லைக் கேட்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்பதைக் கை அறிந்துகொண்டுவிட்டது. பாலம் சரிந்தால், ஆசிரியை தவறு என்று சொல்லத் தேவையில்லை. கட்டையே சொல்லிவிடுகிறது, அதுவும் அவமானப்படுத்தாமல் சொல்கிறது. பக்கத்தில் இன்னொரு குழந்தை இருந்தால் எது சாலை, எது ஆறு, யாருடைய வண்டி முதலில் போகும் என்று பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சில் ‘ஏனென்றால்’, ‘அப்படியானால்’, ‘அதற்குப் பிறகு’ போன்ற சொற்கள் தேவையை ஒட்டி வாய்க்கு வருகின்றன. ஆசிரியையின் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் குழந்தை, இங்கே நீண்ட வாக்கியம் பேசுகிறது.

பாவனை விளையாட்டு இன்னும் ஆழமானது. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையில் ஒரு சிறிய உதாரணத்தைக் காட்டினார்: ஐந்தும் ஏழும் வயதுள்ள இரு சகோதரிகள், ‘அக்கா தங்கை விளையாட்டு’ விளையாடுகிறார்கள். நிஜத்தில் அவர்கள் அக்கா தங்கைதான். ஆனால் விளையாட்டில் மட்டும் ஒரே மாதிரி உடுத்துகிறார்கள், கைகோத்து நடக்கிறார்கள், அக்கா என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதியை உணர்ந்து நடக்கிறார்கள். விளையாட்டு என்றால் கட்டுப்பாடு இல்லாமை என்று நாம் நினைக்கிறோம். குழந்தையோ வேறெங்கும் ஏற்காத கட்டுப்பாட்டை விளையாட்டில் தானாக ஏற்கிறது. இக்கருத்தைப் பின்பற்றி மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் 1940-களில் செய்த சோதனைகளில், அசையாமல் நில் என்று சொல்லப்பட்ட பாலர்கள், காவல்காரனாக நடித்தபோது அதைவிட வெகுநேரம் அசையாமல் நின்றார்கள். ஜெப நேரத்தில் அமைதியாக நிற்கவில்லை என்று ஒரு குழந்தையைக் கடிந்துகொள்ளும் பள்ளி, அந்த அமைதிக்கு வேண்டிய மனத்திறன் எங்கே பயிற்சி பெறுகிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அப்படியானால் பெரியவர் எதுவுமே செய்யாமல் ஒதுங்கியிருந்தால் போதுமா என்றால், போதாது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கு ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முக்கோணம் முதலான வடிவங்கள் மூன்று வழிகளில் அறிமுகமாயின: நேரடியாக விளக்கிச் சொல்லுதல், முற்றிலும் தன்போக்கான விளையாட்டு, பெரியவர் கேள்வி கேட்டுத் துணைநிற்க குழந்தை தானே கண்டுபிடிக்கும் விளையாட்டு. மூன்றாம் வழியில் கற்றவர்களே, வழக்கமான தோற்றத்தில் இல்லாத முக்கோணத்தையும் முக்கோணம் என்று நன்றாக அடையாளம் கண்டார்கள். பொருள்களைத் தேர்ந்து வைப்பதும், தக்க நேரத்தில் ஒரு கேள்வியைப் போடுவதும், பிறகு வாயை மூடிக்கொள்வதும் ஆசிரியையின் வேலை. மூன்றாவது மிகவும் கடினமானது.

விளையாட்டின் பெயரில் நடப்பதெல்லாம் விளையாட்டாகிவிடாது. நோவாவின் பேழை அச்சிட்ட தாளைக் கொடுத்துக் கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டச் சொல்வது, வசனத்துக்கு வைத்த சைகைகளை எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வைப்பது, சரியான பதிலுக்கு நட்சத்திரம் ஒட்டும் வினாடிவினா: இவற்றில் தவறில்லை, சில வேளைகளில் தேவையும்கூட. ஆனால் எதைத் தொடங்குவது, எப்படி மாற்றுவது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றில் ஒன்றையாவது குழந்தை தீர்மானிக்க முடியாத செயலை விளையாட்டு என்று அட்டவணையில் எழுதுவது நேர்மையல்ல. அதே பேழையை மரத்தில் செய்து, ஜோடி ஜோடியாக விலங்குகளையும் கூடையில் வைத்துவிட்டால் நிலைமை வேறு. சிங்கத்தையும் ஆட்டையும் பக்கத்தில் படுக்க வைக்கலாமா, பேழைக்குள் இடமில்லாத விலங்குகள் என்ன ஆகும், மழை எப்போது நிற்கும் என்பதையெல்லாம் குழந்தை தானே எழுப்பும். இடமில்லாத விலங்குகளைப் பற்றிய கேள்வி வயதானவர்களையே தடுமாற வைப்பது. வண்ணம் தீட்டும் தாளில் அது எழுவதில்லை.

சமயம் தொடர்பான பாவனை விளையாட்டுக்குச் சபை மரபிலேயே ஒரு பழைய கதை உண்டு. அலெக்சாந்திரியாவின் பேராயர் அலெக்சாண்டர், கடற்கரையில் சிறுவர்கள் ஞானஸ்நான விளையாட்டு விளையாடுவதைக் கண்டாராம். பின்னாளில் அதே நகரின் பேராயரான அத்தனாசியஸ் அப்போது சிறுவன்; அவர் ஆயராக நடித்து மற்றவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அழைத்து விசாரித்த பேராயர், முறைப்படி கேள்விகளும் பதில்களும் நடந்திருப்பதை அறிந்து, அந்த ஞானஸ்நானம் செல்லும் என்று தீர்ப்பளித்ததாகப் பழைய சபை வரலாற்றாசிரியர் ரூஃபினஸ் எழுதிவைத்திருக்கிறார். காலக்கணக்கு ஒத்துவரவில்லை என்பதால் வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. எனினும் இக்கதையைச் சொல்லியும் கேட்டும் வந்த சபை, விளையாட்டில் நடந்ததையும் பொருட்படுத்தத் தயாராக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இயேசுவும், சந்தைவெளியில் உட்கார்ந்து, நாங்கள் குழல் ஊதினோம் நீங்கள் ஆடவில்லை, புலம்பினோம் நீங்கள் அழவில்லை என்று தோழர்களோடு சண்டையிடும் பிள்ளைகளை உவமையாகக் காட்டினார். கல்யாண விளையாட்டையும் சாவு விளையாட்டையும் அவர் நின்று கவனித்திருக்க வேண்டும். எருசலேம் மீண்டும் செழிக்கும் நாளைப் பற்றிப் பேசும் சகரியா தீர்க்கதரிசி, வீதிகளில் விளையாடும் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும்தான் அதன் அடையாளமாகக் காண்கிறார்.

இந்த வழியைக் கல்விமுறையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் சோஃபியா கவலெத்தியும் ஜியானா கோபியும். வேதாகம அறிஞரான கவலெத்தியும் மாண்டிசோரி ஆசிரியையான கோபியும் 1954-இல் ரோமில் சிறு குழந்தைகளுக்கான மறைக்கல்வியைத் தொடங்கினார்கள். நல்ல மேய்ப்பன் உவமையை ஆசிரியை நிதானமாகச் சொல்லி, மரத்தாலான மேய்ப்பனையும் ஆடுகளையும் தொழுவத்தையும் மெல்ல நகர்த்திக் காட்டுவார். பிறகு அவை அலமாரியில் இருக்கும், விரும்பிய குழந்தை எடுத்துத் தனியாகக் கையாளலாம். ஆடுகள் யார் என்று ஆசிரியை சொல்லமாட்டார். பல நாள் ஆடுகளை நகர்த்திய பிறகு, அந்த ஆடு நான்தான் என்று குழந்தையே கண்டுகொள்ளும்வரை காத்திருப்பதே முறை. இதனால் தூண்டப்பட்ட அமெரிக்க எபிஸ்கோப்பல் குருவான ஜெரோம் பெரிமன், கதை முடிந்ததும் ‘இதில் உனக்கு மிகவும் பிடித்த பகுதி எதுவோ, தெரியவில்லையே’ என்ற தொனியில் விடை தெரியாமல் கேட்கும் கேள்விகளை முறையின் மையமாக வைத்தார். மாண்டிசோரி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி தாமே குழந்தையின் செயலை விளையாட்டு என்பதைவிட வேலை என்று அழைக்கவே விரும்பினார் என்பதால், இந்த வழிகளைப் பின்பற்றுவோரிடையே சொல் பற்றிய சச்சரவு இன்னும் உண்டு. குழந்தைக்கு அது பற்றிக் கவலையில்லை.

நடைமுறையில் ஆசிரியைகளைச் சங்கடப்படுத்துவது வேறு. குழந்தைகள் தாவீதாக இருக்க விரும்புவதைப் போலவே கோலியாத்தாகவும் இருக்க விரும்புகிறார்கள். சிலுவையில் அறைந்து விளையாடுகிறார்கள். வீட்டில் தாத்தா இறந்த வாரம் பொம்மையை அடக்கம்செய்து, மறுநாள் தோண்டி எடுக்கிறார்கள். இதை அவமரியாதை என்று நிறுத்துவது எளிது. ஆனால் உயிர்த்தெழுதலைப் பற்றிக் கேட்ட குழந்தை பொம்மையைத் தோண்டிப் பார்ப்பது, கேட்டதைப் புரிந்துகொள்ளச் செய்யும் முயற்சியே. யாரையாவது காயப்படுத்தாதவரையும் அச்சுறுத்தாதவரையும் அதை நடக்கவிட்டு, அருகே உட்கார்ந்து கேட்பதே ஆசிரியை செய்யக்கூடியது. துக்கம் ஆழமாகத் தெரிந்தால் பெற்றோரிடம் பேச வேண்டும்.

ஒழுக்கப் பாடத்திலும் இதே பொறுமை தேவைப்படுகிறது. மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகள் தனித்து விளையாடுவதிலிருந்து, அருகருகே தனித்தனியாக விளையாடுவதற்கும், பிறகு கூடி ஒரே நோக்கத்தோடு விளையாடுவதற்கும் வயதோடு நகர்வதை விவரித்தது. பிற்கால ஆய்வுகள் இந்த வரிசை அவ்வளவு கறாரானதல்ல என்று காட்டியிருந்தாலும், கையிலிருக்கும் வண்டியை உடனே விட்டுக்கொடுக்க மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் முடியாது என்ற உண்மை மாறவில்லை. அதைச் சுயநலம் என்றும், இயேசுவுக்குப் பிடிக்காது என்றும் சொல்லும்போது, பள்ளி இரண்டு தீங்குகளைச் செய்கிறது: வளர்ச்சிப்படியைப் பாவமாக்குகிறது, இயேசுவை வகுப்பறைக் காவல்காரராக்குகிறது. கட்டாயப்படுத்திச் சொல்லவைத்த மன்னிப்பும் அப்படித்தான். அது தண்டனையிலிருந்து தப்பும் கடவுச்சொல்லாகக் குழந்தைக்குப் பழகிவிடுகிறது. அழுகிறவளின் முகத்தைப் பார்க்கச் செய்வதும், இடிந்த கோபுரத்தை மீண்டும் கட்ட உதவச் சொல்வதும் மெதுவான வழிகள். மனந்திரும்புதல் என்று சபை சொல்வதற்கு அவையே நெருக்கமானவை.

ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதிலும் கவனம் தேவை. 1962 முதல் 1967 வரை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்தில், 123 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு நாற்பது வயது வரை தொடரப்பட்டார்கள். பள்ளிக்கு வந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்ணில் தொடக்கத்தில் தெரிந்த உயர்வு சில ஆண்டுகளில் கரைந்துபோனது. ஆனால் படிப்பை முடித்தல், வேலை, குற்றங்களிலிருந்து விலகியிருத்தல் ஆகியவற்றில் வேறுபாடு நிலைத்தது. குழந்தையே திட்டமிட்டு, செய்து, செய்ததைப் பற்றிப் பேசும் முறை அங்கே பின்பற்றப்பட்டது உண்மைதான். ஆனால் வாராந்தர வீட்டுச் சந்திப்பும் நன்கு பயிற்சிபெற்ற ஆசிரியர்களும்கூட அங்கே இருந்தார்கள். ஆகவே வெற்றி முழுவதும் விளையாட்டினால் வந்தது என்று விளம்பரம் செய்யும் பள்ளி மிகைப்படுத்துகிறது. முதல் ஆண்டின் மதிப்பெண்ணை வைத்து ஒரு மழலையர் பள்ளியை எடைபோட முடியாது என்ற அளவில் இந்த ஆய்வு உறுதியான சான்று.

ஒரு பள்ளி விளையாட்டை எவ்வளவு மதிக்கிறது என்பது அதன் கால அட்டவணையில் தெரிந்துவிடும். பாவனை விளையாட்டில் பாத்திரங்களைப் பிரித்துக்கொள்ளவே குழந்தைகளுக்குப் பல நிமிடங்கள் ஆகும். இருபது நிமிடத்தில் மணி அடித்தால் கதை தொடங்கும்போதே கலைந்துவிடும். குறைந்தது முக்கால் மணிநேரம் இடையூறில்லாமல் இருக்க வேண்டும். கிறிஸ்தவப் பள்ளிகளில் இந்த நேரத்தை அதிகம் விழுங்குவது எழுத்துப் பயிற்சியல்ல, கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகைதான். வாரக்கணக்கில் தேவதூதர்களாகவும் மேய்ப்பர்களாகவும் வரிசையில் நிற்க வைக்கப்படும் குழந்தைகள், மேடையில் அழுதால் ஆசிரியைக்குக் கெட்டபெயர், அழாவிட்டால் நல்லபெயர். குழந்தைக்குக் கிடைப்பது என்ன என்று கேட்க அந்த வாரங்களில் யாருக்கும் நேரமில்லை. அசிசியின் பிரான்சிஸ் 1223-இல் கிரெச்சோ என்ற சிற்றூரில் தீவனத்தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துப் பிறப்புக் காட்சியை அமைத்தபோது, பெத்லகேமில் என்ன நடந்தது என்பதைக் கண்ணாரக் காண விரும்பினார். அது பெரியவர்கள் ஆடிய பாவனை விளையாட்டு, அதற்கு ஒத்திகை இருந்ததாக யாரும் எழுதவில்லை. அதே பொருள்களை, உடைக்க முடியாத வடிவத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக்காலம் முழுவதும் பாவனை மூலையில் வைத்துவிட்டு, மேடைக்குப் பதிலாக ஒரு காலைவேளை பெற்றோரை வகுப்பறைக்கே அழைத்துத் தரையில் உட்காரச் செய்யலாம். அன்று மூன்று மரியாள்கள் இருக்கக்கூடும், யோசேப்பாக இருக்க யாரும் முன்வராமல் போகலாம், மேய்ப்பர்களோடு ஒரு டைனோசரும் தொழுவத்துக்கு வரலாம். பிற சமயக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று அந்த மூலைக்கே போகாமல் கட்டைகளால் வீடு கட்டிக்கொண்டிருந்தால், அதையும் நிர்வாகக் குழுவுக்கும் பெற்றோருக்கும் தலைமை ஆசிரியை முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும்.